பிறந்த நாட்களின் அழற்சி, வளரும் வலி நரம்புகளில் என்ன செய்கிறது?

குறைமாதத்தில் பிறந்து, பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, ஊசி ஏற்றிய இடங்களில் அழற்சி கண்டு, அதாவது சிவந்து வீங்கி, பின்னர் முழுவதும் ஆறிவிட்ட ஒரு குழந்தையைப் பற்றிய கேள்வி இது. புண் ஆறிய பிறகும் அந்த இடத்து வலி நரம்புகளில் ஏதேனும் மாற்றம் தங்கிவிடுமா, தங்குமென்றால் எந்த வழியில் என்று கேட்கப்பட்டிருக்கிறது. மாற்றம் தங்கக்கூடும் என்பதே விடை. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் ஓயாத வலியாக வெளிப்படுவதில்லை. சாதாரண நாட்களில் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, அதே இடம் மீண்டும் காயப்படும்போது மட்டும் வலி அளவுக்கு மீறி எழும் நிலையாகவே ஆய்வுகளில் அது பெரும்பாலும் காணப்படுகிறது. இதன் காரணம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது: அழற்சியின்போது திசு வெளியிடும் வேதிப்பொருட்களில் சில, வலி நரம்புகளை வளர்த்தெடுக்க உடல் பயன்படுத்தும் அதே பொருட்கள். வளர்ந்து முடிந்த நரம்பு அவற்றை எச்சரிக்கையாக ஏற்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் நரம்புக்கோ அவை வளர்ச்சிக்கான கட்டளையாகவும் ஆகிவிடுகின்றன.

இதை விளங்கிக்கொள்ள வலியுணர் நரம்பணுவின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். திசுவுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய வெப்பம், அழுத்தம், வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு மட்டுமே எதிர்வினையாற்றும் நரம்பணுக்கள் நம் உடலில் உண்டு. அவற்றின் உடற்பகுதி முதுகெலும்பை ஒட்டிய முதுகுவேர் முடிச்சுகளில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை தோலுக்கோ தசைக்கோ குடலுக்கோ செல்கிறது. மற்றொரு கிளை தண்டுவடத்தின் பின்கொம்பு என்னும் பகுதிக்குள் நுழைந்து, செய்தியை அடுத்த நரம்பணுவிடம் ஒப்படைக்கிறது. உணர்வு நரம்பிழைகளில், இழையைப் போர்த்தும் மயலின் உறையே இல்லாத மெல்லிய சி இழைகளும், மெல்லிய உறையுள்ள ஏ-டெல்டா இழைகளும் வலிக்குரியவை. தடித்த உறையுள்ள ஏ-பீட்டா இழைகள் பெரும்பாலும் தொடுதலுக்குரியவை.

மனிதக் கருவில் வாயைச் சுற்றியுள்ள தோலை உணர்வு நரம்புகள் சுமார் 7 வாரத்திலேயே எட்டுகின்றன. 20 வாரத்துக்குள் உடலின் தோல் முழுவதும் நரம்பு பரவிவிடுகிறது. நரம்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் அது முதிர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளிலும் சுண்டெலிகளிலும் நடப்பதற்கு ஒரு நல்ல காரணம் இங்கே இருக்கிறது. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் நரம்பு மண்டலம் ஏறக்குறைய 24 வார மனிதக் கருவின் நிலையில் இருக்கிறது; முதல் வாரத்தின் முடிவில்தான் நிறைமாதக் குழந்தையின் நிலையை நெருங்குகிறது. ஆகவே குறைமாதக் குழந்தை கருப்பைக்கு வெளியே கடக்கும் வளர்ச்சிப் பருவத்தை, பிறந்த எலிக்குட்டியில் நேரடியாகக் காணலாம். இந்த ஒப்பீடு தோராயமானதே. மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

வலி நரம்பணுவின் வளர்ச்சியில் நடுநாயகமாக இருப்பது நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம். ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் கண்டறிந்த இந்தப் புரதம், வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிய அவர்களது பணிக்காக 1986-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. தோலின் செல்கள் இதைச் சிறிதளவு சுரக்கின்றன. நரம்பின் நுனி டிரக்-ஏ என்ற ஏற்பியின் வழியாக அதைப் பற்றி, நெடுந்தொலைவிலுள்ள தன் உடற்பகுதிக்குக் கொண்டுபோகிறது. கருவில் இந்தப் பிணைப்பைப் பெறாத வலி நரம்பணு இறந்துவிடுகிறது. டிரக்-ஏ ஏற்பிக்கான மரபணு பழுதாகிப் பிறக்கும் மனிதர்கள் வலியையே உணர்வதில்லை. அவர்களுக்கு வியர்ப்பதும் இல்லை. இந்த ஒரு புரதத்தைச் சார்ந்தே வலியின் முழு அமைப்பும் தோன்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறப்பை ஒட்டி ஒரு திருப்பம் நிகழ்கிறது. அதுவரை டிரக்-ஏ ஏற்பியை நம்பியிருந்த வலி நரம்பணுக்களில் ஏறக்குறைய பாதி, அந்த ஏற்பியைப் படிப்படியாகக் கைவிட்டு, ரெட் என்ற வேறோர் ஏற்பியின் வழியாக வேறொரு வளர்ச்சிக் காரணியைச் சார்ந்து வாழத் தொடங்குகின்றன. மற்ற பாதி டிரக்-ஏ ஏற்பியைத் தக்கவைத்துக்கொண்டு, சப்ஸ்டன்ஸ்-பி, சிஜிஆர்பி போன்ற பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துணுக்குகளை, தயாரிக்கும் வகையாக முதிர்கிறது. சுண்டெலியில் இந்தப் பிரிவினை கருவின் இறுதி நாட்களில் தொடங்கி, பிறந்த பின் மூன்று வாரங்கள்வரை நீள்கிறது. எந்த நரம்பணு எந்த வகையாக ஆகப்போகிறது, தோலில் எவ்வளவு அடர்த்தியாகக் கிளைக்கப்போகிறது, எவ்வளவு மென்மையான தூண்டலுக்கு விழிக்கப்போகிறது என்பவையெல்லாம் முழுமையாக முடிவாகாத பருவம் இது. குழந்தைக்கு அழற்சி ஏற்படுவது இந்தப் பருவத்தில் என்றால், விளைவு பெரியவர்களுக்கு நேர்வதைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

பெரியவர்களுக்கு நேர்வது என்ன? காயம்பட்ட திசுவில் பிராடிகைனின், பிராஸ்டாகிளாண்டின், இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆகிய அழற்சி வேதிப்பொருட்கள் பெருகுகின்றன. இவை நரம்பு நுனியிலுள்ள அயனி வாயில்களை வேதிமுறையில் மாற்றி, எளிதில் திறக்கச் செய்கின்றன. சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறக்கும் டிஆர்பிவி1 என்ற வாயில், அழற்சியின்போது உடலின் இயல்பான வெப்பத்தை நெருங்கிய அளவிலேயே திறந்துகொள்ளக்கூடும். வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் எரிவது இதனால்தான். இத்துடன் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களும் தோல் செல்களும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் சுரக்க, அது உடற்பகுதிவரை சென்று மரபணு வெளிப்பாட்டையே சில நாட்களுக்கு மாற்றுகிறது. அழற்சி தணிந்ததும் சுரப்பு குறைகிறது. பெரும்பாலான நேரங்களில் நரம்பும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்புவதற்கு அதற்கு ஒரு பழைய நிலை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பிறந்த சில நாட்களே ஆன நரம்புக்கு அப்படி ஒரு நிலை இன்னும் உருவாகவில்லை.

இந்த வேறுபாட்டைச் சோதனையாகவே காட்டியவர்கள் லோர்ன் மெண்டலும் அவரது குழுவினரும். பிறந்த எலிக்குட்டிகளுக்கு முதல் இரண்டு வாரங்கள் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகக் கொடுத்தபோது, கொடுப்பதை நிறுத்திய பின்னரும் அவை வளர்ந்து பெரிதான காலம்வரை அழுத்தத்துக்குக் கூடுதல் வலியுணர்வு காட்டின. வளர்ந்த எலிக்குக் கொடுத்தபோதோ அந்த மாற்றம் தற்காலிகமாக முடிந்தது. இதற்கு எதிர்த்திசையில், அதே இரண்டு வாரங்களில் அந்தக் காரணியை எதிர்ப்புரதங்களால் தடுத்தபோது, வலிக்குரிய ஏ-டெல்டா இழைகள் குறைந்து, மெல்லிய ரோம அசைவை உணரும் இழைகள் பெருகியிருந்தன. 1991-இலும் 1993-இலும் வெளிவந்த இந்த முடிவுகளை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். ஒரு நரம்பு வலி நரம்பாகவே முதிர்வதா என்பதே அந்தச் சில நாட்களில் தோலில் எவ்வளவு வளர்ச்சிக் காரணி இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது என்றால், அந்த அளவைத் திடீரென்று உயர்த்தும் எந்த அழற்சியும் வெறும் தொந்தரவாக மட்டும் முடிந்துவிடாது.

இந்தப் பருவத்து நரம்புகள் வேதிப்பொருட்களுக்கு எவ்வளவு எளிதில் வசப்படுகின்றன என்பதை அதற்கு முன்பே ஹங்கேரியில் காபோர் யான்சோவின் குழு வேறொரு விதமாகக் காட்டியிருந்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைப் பிறந்த எலிக்குட்டிகளின் உடலில் ஒருமுறை செலுத்தினாலே சி இழைகளில் பெரும்பகுதி நிரந்தரமாக அழிந்துவிடுவதை 1977-இல் அவர்கள் வெளியிட்டார்கள். வளர்ந்த விலங்கில் அத்தகைய பேரழிவு நேர்வதில்லை.

தோலின் பக்கத்தில் மிகத் தெளிவாகப் பதிவான மாற்றம், நரம்புக் கிளைகள் அடர்த்தியாவது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டும் அவரது சகாக்களும் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். எலிக்குட்டியின் தோலில் பிறந்த அன்று ஒரு சிறு காயம் உண்டாக்கினால், காயம் ஆறிய பின் அந்த இடத்தில் உணர்வு நரம்புகள் இயல்பைவிடப் பன்மடங்கு அடர்த்தியாகக் கிளைத்திருந்ததையும், வளர்ந்த பிறகும் அந்த அடர்த்தி நீடித்ததையும் 1995-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு காட்டியது. காயம் ஏற்படும் வயது கூடக்கூட இந்த விளைவு மங்கிக்கொண்டே போனது. காயம்பட்ட இளந்தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி வெகுவாக உயர்வதும் பின்னர் கண்டறியப்பட்டது.

தண்டுவடத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. பிறந்த எலிக்குட்டியின் பின்கொம்பில், தொடுதலுக்குரிய ஏ-பீட்டா இழைகள் தமக்குரிய ஆழமான அடுக்குகளில் மட்டும் நில்லாமல், வலிக்குரிய மேலடுக்குகள்வரை நீண்டிருக்கின்றன. சி இழைகள் அங்கே வந்து சேர்ந்திருந்தாலும், அடுத்த நரம்பணுவைத் திறம்படத் தூண்டும் வலுவை ஒரு வாரத்துக்கும் மேலான பின்னரே பெறுகின்றன. அதன் பிறகு ஏ-பீட்டா இழைகள் மெல்ல மெல்லக் கீழே பின்வாங்குகின்றன. இந்தப் பின்வாங்கல் தானாக நடப்பதில்லை. சி இழைகளை அழித்துவிட்டால் அது சரிவர நடப்பதில்லை. அதாவது, அந்த நாட்களில் எந்த நரம்பிலிருந்து எவ்வளவு சமிக்ஞை வருகிறது என்பதைக் கொண்டே தண்டுவடம் தன் இணைப்புகளைச் செதுக்கிக்கொள்கிறது. அழற்சியோ, வர வேண்டாத நேரத்தில், வர வேண்டாத அளவில் சமிக்ஞைகளை அனுப்புகிறது.

தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகளும் அப்போது முதிர்ந்திருப்பதில்லை. வளர்ந்த உடலில் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பு வழிகள் தண்டுவடத்து வலிச் சமிக்ஞையைத் தேவைக்கேற்ப அடக்குகின்றன. எலிக்குட்டிகளிலோ ஏறத்தாழ மூன்று வார வயதுவரை அதே வழிகள் பெரும்பாலும் வலிச் சமிக்ஞையைப் பெருக்கவே செய்கின்றன. பச்சிளம் குழந்தையின் பாதத்தை லேசாகத் தொட்டாலே கால் முழுவதையும் இழுத்துக்கொள்வதும், எங்கே தொட்டாலும் அதே அசைவு எழுவதும் இந்த முதிராத நிலையின் வெளித்தோற்றமே. தொடுதலையும் குத்தலையும் வேறுபடுத்தும் மூளை மின்னலைகள் மனிதக் குழந்தையில் சுமார் 35 முதல் 37 வாரக் கரு வயதில்தான் தெளிவாகத் தோன்றுகின்றன.

இனி, கேள்வியின் மையத்திலிருக்கும் ஆய்வுகளுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ரூடாவும் அவரது குழுவினரும் வெளியிட்ட முடிவு பரவலாகக் கவனிக்கப்பட்டது. பிறந்த எலிக்குட்டிகளின் பின்னங்காலில், ஃபிராய்ண்டின் முழுத் துணைப்பொருள் எனப்படும் கடும் அழற்சியூட்டியைச் செலுத்தி, அவை வளர்ந்த பின் ஆராய்ந்தபோது, அந்தக் காலுக்குரிய தண்டுவடப் பகுதியில் வலி நரம்பு முனைகள் கூடுதலாகப் பரவியிருந்தன. மீண்டும் அழற்சி உண்டாக்கியபோது அவை மிகையான வலி நடத்தையையும் காட்டின. குழந்தைப் பருவ அழற்சி வலிச் சுற்றுகளை நிரந்தரமாக மாற்றியமைக்கிறது என்று இந்த ஆய்வைக் கொண்டே இன்றும் பலர் எழுதுகிறார்கள்.

அப்படி ஒரே வரியில் எழுதிவிட முடியாது என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சூலன் வாக்கரும் ஃபிட்ஸ்ஜெரால்டும் இதே கேள்வியை அளவு வாரியாகச் சோதித்தார்கள். துணைப்பொருளை அதிக அளவில் செலுத்தியபோது மட்டுமே நரம்பு முனைகளின் பரவல் நீடித்தது. அந்த அளவில் செலுத்தப்பட்ட விலங்குகளில் அழற்சியே முழுதாக ஆறாமல் நாட்பட்டு நின்றிருந்தது. கேரஜீனன் என்ற மற்றோர் அழற்சியூட்டி உண்டாக்கும், சில நாட்களில் தணிந்துவிடும் அழற்சியில் அத்தகைய கட்டமைப்பு மாற்றம் நிலைக்கவில்லை. எனவே குழந்தைக்கு வந்த ஒவ்வொரு சிறு வீக்கமும் தண்டுவடத்தின் இணைப்புகளைத் திருத்தி எழுதிவிடும் என்ற அச்சத்துக்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. அழற்சியின் கடுமையும், அது எத்தனை நாள் நின்றது என்பதும் முடிவைப் பெரிதும் மாற்றுகின்றன. இந்தத் திருத்தம் முதல் ஆய்வு அளவுக்குப் புகழ் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அதே சமயம், நரம்பின் வடிவம் மாறவில்லை என்பதாலேயே அதன் செயலும் மாறவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பிறந்த அன்று கேரஜீனனால் சிறிது காலமே நீடிக்கும் அழற்சியை உண்டாக்கிய எலிகளை வளர்ந்த பின் சோதித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சாதாரண நிலையில் அந்த எலிகள் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் மற்ற எலிகளைவிட மந்தமாகவே எதிர்வினையாற்றின. அதுவும் பாதிக்கப்பட்ட காலில் மட்டுமன்றி, உடலின் மற்ற பகுதிகளிலும். ஆனால் முன்பு பாதிக்கப்பட்ட அதே காலில் மறுபடி அழற்சியை உண்டாக்கியதும், வலியுணர்வு மற்றவற்றைவிட மிகையாக எழுந்தது. ஒரே உடலில் மந்தமும் மிகையும் சேர்ந்திருப்பது முரண்போலத் தோன்றும். இவை இரண்டும் இரு வேறு இடங்களில் ஏற்பட்ட மாற்றங்கள் என்று கொண்டால் முரண் நீங்கும். உடல் முழுவதும் காணப்படும் மந்தம், மூளைத்தண்டின் அடக்கும் வழிகள் வழக்கத்தைவிட வலுவாக அமைந்துவிட்டதன் விளைவு. நடுமூளையில், உடலே சுரக்கும் வலியடக்கிகளான இயற்கை ஓபியாய்டுகளின் செயல் உயர்ந்திருப்பதை ஆன் மர்ஃபியின் குழு காட்டியிருக்கிறது. அந்த ஒரு காலில் மட்டும் காணப்படும் மிகையோ, அதற்குரிய நரம்பிலும் தண்டுவடப் பகுதியிலும் தங்கிய மாற்றத்தின் விளைவு. மர்ஃபியின் ஆய்வுகளில் பெண் எலிகளிடம் இந்த விளைவுகள் கூடுதலாக இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். பல பழைய ஆய்வுகள் ஆண் விலங்குகளை மட்டுமே சோதித்தன.

இந்தத் தங்கிய மாற்றம் எங்கே, எதில் தங்குகிறது என்பதுதான் அண்மைக்கால ஆய்வுகளின் சுவையான பகுதி. எலிக்குட்டியின் பாதத்தில் அறுவைக் கீறல் ஒன்றைப் பிறந்த 3-ஆம் நாளிலோ 6-ஆம் நாளிலோ செய்தால், பின்னாளில் அதே இடத்தில் செய்யும் கீறலுக்கு வலி மிகையாகிறது. 10-ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ முதல் கீறலைச் செய்தால் அப்படி ஆவதில்லை என்று 2009-இல் வாக்கரின் குழு கண்டது. முதல் கீறலின்போது அந்தக் காலின் நரம்பை உள்ளிட மயக்க மருந்தால் மரத்துப்போகச் செய்திருந்தால், பின்விளைவு தடுக்கப்பட்டது. சேதம் அதேதான்; சமிக்ஞை மட்டும் தண்டுவடத்தை எட்டவில்லை. மருத்துவத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு முடிவு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

2012-இல் வெளிவந்த தொடராய்வு, மைக்ரோகிளியா என்ற தண்டுவடத்து நோயெதிர்ப்புச் செல்களை நோக்கித் திரும்பியது. இளமையில் கீறல் கண்ட எலிகளில், வளர்ந்த பின் வரும் காயத்துக்கு இச்செல்கள் வழக்கத்தைவிட விரைவாகவும் வலுவாகவும் கிளர்ந்தன. அவற்றை அடக்கும் மினோசைக்ளின் மருந்தைக் கொடுத்தபோது அந்த மிகைவலி குறைந்தது. இதற்கு வெளியே, தோல் நரம்புகளின் பக்கத்தில், மைக்கேல் ஜாங்கோவ்ஸ்கியின் குழு வேறொரு தடத்தைக் கண்டது. பிறந்து ஒரு வாரமான சுண்டெலியின் தோலில் அழற்சி ஏற்படும்போது, அங்கே வளர்ச்சி ஹார்மோனின் அளவு குறைகிறது; அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் வலி நரம்புகளின் மிகையுணர்வு தணிகிறது. ஆக, அழற்சி சில பொருட்களைக் கூட்டுவதால் மட்டுமன்றி, இயல்பான வளர்ச்சியில் நரம்பை அமைதியாக வைத்திருக்கும் ஒரு பொருளைக் குறைப்பதாலும் நரம்பு கிளர்கிறது. அண்மையில், 2024-இல், அதே குழு வெளியிட்ட சுண்டெலி ஆய்வு மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றியது: இளமையில் காயம் கண்ட விலங்கின் மேக்ரோஃபேஜ்கள் அந்தக் காயத்தின் தடத்தை நெடுநாள் சுமக்கின்றன; அவற்றைக் காயமே கண்டிராத வேறொரு சுண்டெலிக்கு மாற்றினால், அதற்கும் அந்த மிகையுணர்வு தொற்றிக்கொள்கிறது. வலியின் நினைவு நரம்பில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணம் இதன்பின் நிலைக்காது.

இவ்வளவையும் படிப்பவர், பச்சிளம் பருவம் எல்லா வகை வலிக்கும் கேடான பருவம் என்று நினைக்கக்கூடும். நரம்பே அறுபடும் காயங்களில் நிலைமை நேர்மாறானது. வளர்ந்த எலியில் நாட்பட்ட நரம்புவலியை உண்டாக்கும் அதே நரம்புக் காயம், எலிக்குட்டியில் வலியையே காட்டுவதில்லை. இளம் தண்டுவடம் அப்போது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10 போன்ற அழற்சியை அடக்கும் பொருட்களைச் சுரப்பதே இதற்குக் காரணம் என்று 2015-இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு காட்டியது. ஆனால் அதே விலங்கு வளரிளம் பருவத்தை எட்டும்போது, அடக்கப்பட்டிருந்த வலி தலைகாட்டுகிறது. மனிதர்களில், பிரசவத்தின்போது கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் கிழிந்த குழந்தைகளை லண்டனில் ஆராய்ந்த மருத்துவர்கள், பெரியவர்களுக்கு அதே காயத்தில் வரும் கொடிய நாட்பட்ட வலி இக்குழந்தைகளுக்கு வரவில்லை என்று 2002-இல் எழுதினார்கள். ஆகவே திசு அழற்சியையும் நரம்புக் காயத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது.

குடலைப் பற்றியும் ஒரு சொல். எலிக்குட்டிகளின் பெருங்குடலை முதல் மூன்று வாரங்களில் எரிச்சலூட்டினால், வளர்ந்த பின் குடலில் எந்தப் புண்ணும் இல்லாமலே அது மிகையாக வலிக்கிறது என்று 2000-இல் அல்-சாயர், கவாசாகி, பஸ்ரிச்சா ஆகியோர் காட்டினார்கள். எரிச்சல்மிகு குடல் நோயைப் பற்றிய ஆய்வுகளில் இந்த மாதிரி இன்றும் பயன்படுகிறது. தோலையோ குடலையோ குறிப்பாகத் தாக்காத, இரத்தத்தில் பரவும் பாக்டீரிய நச்சால் வரும் பொது அழற்சியும்கூட, எலிக்குட்டிகளில் பின்னாளைய வலியுணர்வை மாற்றுகிறது.

மனிதக் குழந்தைகளைப் பற்றி நேரடியாகத் தெரிந்தவை குறைவு. அவற்றை எடைபோடும்போது ஒரு வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1980-களின் நடுப்பகுதிவரை, பச்சிளம் குழந்தைக்கு வலி பெரிதாகத் தெரியாது என்ற நம்பிக்கையிலும், மயக்க மருந்தின் ஆபத்துக்கு அஞ்சியும், தசையைத் தளர்த்தும் மருந்தோடு மிகச் சிறிதளவு மயக்க மருந்து மட்டும் கொடுத்துப் பெரிய அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. 1987-இல் ஆனந்தும் சகாக்களும் வெளியிட்ட சோதனையில், இதய நாள அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலுவான வலிமருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு அழுத்த ஹார்மோன்களின் எழுச்சி வெகுவாகக் குறைந்திருந்தது. அதன் பின்னரே நடைமுறை மாறத் தொடங்கியது. ஃபிட்ஸ்ஜெரால்டும் சகாக்களும், திரும்பத் திரும்பக் குத்தி இரத்தம் எடுக்கப்பட்ட குதிகால், மறு குதிகாலைவிடப் பாதியளவு அழுத்தத்திலேயே இழுத்துக்கொள்வதையும், உள்ளிட மயக்கக் களிம்பைத் தடவினால் அந்த மிகையுணர்வு நீங்குவதையும் 1989-இல் பதிவு செய்தார்கள்.

நீண்டகாலத் தொடர்பைச் சுட்டும் ஆய்வுகள் பின்னர் வந்தன. வலிநிவாரணமின்றி விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், 4 அல்லது 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிடக் கூடுதலாக அழுதார்கள் என்றும், மயக்கக் களிம்பு பெற்றவர்களிடம் அந்த வேறுபாடு குறைந்தது என்றும் 1997-இல் டாடியோவின் குழு எழுதியது. முதல் மூன்று மாதங்களில் பெரிய அறுவை கண்ட குழந்தைகளுக்கு, பின்னாளில் அதே தோல் பகுதியில் மறு அறுவை நடந்தபோது கூடுதல் வலிமருந்து தேவைப்பட்டது என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2005-இல் கண்டது. எலிகளில் கண்ட அந்த இடம் சார்ந்த மிகையோடு இது பொருந்துவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மந்தத்துக்கும் மனிதச் சான்று உண்டு: 1995-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை 11 வயதில் சோதித்தபோது, வெப்பத்தையும் குளிரையும் உணரும் திறன் குறைந்திருந்தது, பச்சிளம் பருவத்தில் அறுவை கண்டவர்களிடம் இது இன்னும் கூடுதல்.

ஆனால் இந்தக் குழந்தைகள் அழற்சியை மட்டும் கண்டவர்கள் அல்லர். குறைமாதப் பிறப்பு, தொற்று, மருந்துகள், தாயிடமிருந்து பிரிவு, மூளையில் சிறு பாதிப்பு என எல்லாமே ஒன்றாக வந்தன. 2008-இல் வெளியான பாரிஸ் பகுதி ஆய்வின்படி, தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளம் குழந்தை ஒன்று முதல் இரண்டு வாரங்களில் ஒரு நாளைக்குச் சராசரி நிலையில் 10 வலிதரும் செயல்முறைகளைக் கண்டது. அவற்றில் 79 சதவீதத்துக்குமேல் அந்தச் செயல்முறைக்கென்று தனியாக வலிநிவாரணம் எதுவும் தரப்படாமல் நடந்தன. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, அதன்பின் வந்த வீக்கத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு குழந்தையில் பிரித்துச் சொல்ல வழியில்லை. விலங்கு ஆய்வுகள் வழிமுறையைத் தெளிவாக்குகின்றன. தனியொரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க அவை உதவா.

அதனால் சிகிச்சையில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் மார்ஃபின் கொடுத்துவிடலாம் என்பது தீர்வல்ல. பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளின் கண் பரிசோதனைக்கும் குதிகால் குத்தலுக்கும் முன் வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்த 2018-இன் சோதனை, 31 குழந்தைகளோடு நிறுத்தப்பட்டது; மூச்சுத் தடை ஏற்பட்டது, வலி குறைந்ததற்கான அடையாளமும் இல்லை. வாயில் சர்க்கரைக் கரைசல் விடுவது குழந்தையின் முகச்சுளிப்பைக் குறைக்கிறது. ஆனால் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது மூளையிலும் தண்டுவடத்திலும் எழும் வலிச் சமிக்ஞையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நான் முன்னே விவரித்த எலி ஆய்வின் ஒளியில் பார்த்தால், அறுவை போன்ற பெரிய சேதங்களில் சமிக்ஞை தண்டுவடத்தை எட்டாமல் தடுக்கும் வகையில் நரம்பை மரத்துப்போகச் செய்வதும் உள்ளிட மயக்க மருந்தும் பொதுவான வலிமருந்துகளைவிடத் தர்க்கரீதியாகப் பொருத்தமானவை. சிறு செயல்முறைகளில் தாயின் மார்போடு தோல் ஒட்டி வைத்திருப்பதும், தாய்ப்பால் ஊட்டியபடியே ஊசி போடுவதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவையற்ற குத்தல்களைக் குறைப்பதும் எந்த ஆபத்தும் இல்லாதவை. ஊசிக்குழாய் நழுவி மருந்து தோலடியில் பரவுவதை உடனே கவனித்து அகற்றினால், வீக்கம் கடுமையாகி நாட்பட நிற்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்; முன்பு சொன்ன அளவு வாரியான ஆய்வு சுட்டுவதும் அந்தக் கடுமையையும் நீடிப்பையும்தான்.

ஏற்கெனவே அந்தப் பருவத்தைக் கடந்துவிட்ட குழந்தைக்கு, வலி நரம்புகளைச் சோதிக்கவோ மருந்து தொடங்கவோ எந்தக் காரணமும் இல்லை. பின்னாளில் அறுவை சிகிச்சை ஏதேனும் தேவைப்பட்டால், குறிப்பாக முன்பு புண்ணோ அறுவையோ இருந்த அதே உடற்பகுதியில், பச்சிளம் பருவத்து விவரத்தை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அறுவைக்குப் பிந்தைய வலிமருந்தின் அளவைத் திட்டமிடும்போது அவருக்கு அது உண்மையில் பயன்படும் தகவல். பழைய மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு கையில் இருந்தால் அதையும் காட்டலாம்.